பிரேசர் மலையா, பிரிஞ்சாங் உச்சியா, கினபாலுவா: பறவை பார்க்க எங்கே ஏறுவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவர் சுற்றுவட்டாரத்தில் பைனாகுலரும் கையுமாகத் திரிகிறவர்கள் இப்போது ஓரளவு சேர்ந்துவிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஒன்றிரண்டு கிராணிமார் (தோட்டக் கணக்கர்கள்). செம்பனைக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது: எலி பிடிக்கவென்று தோட்ட நிர்வாகம் பெட்டி கட்டி வைத்திருக்கும் கூகை, வாய்க்கால் ஓரத்து வெண்மார்பு மீன்கொத்தி, உச்சி வெயிலில் கூவிக்கொண்டே வட்டமிடும் பாம்புக் கழுகு. அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. எந்த உச்சிக்கு ஏறுவது?

ஊர் இருக்கும் இடமே குழப்பத்துக்குக் காரணம். தெற்கே தஞ்சோங் மாலிம், கெர்லிங் வழியாகக் கோலா குபு பாரு போய்த் திரும்பினால் பிரேசர் மலை. வடக்கே சுங்காய், பீடோர் தாண்டித் தாப்பாவில் ஏறினால் கேமரன் மலை, அதற்கும் மேலே பிரிஞ்சாங் உச்சி. காரில் இரண்டுமே ஏறத்தாழ இரண்டு, இரண்டரை மணி நேரம். மூன்றாவது, போர்னியோத் தீவின் சபா மாநிலத்துக்கு விமானம் ஏறிப் போகிற கினபாலு. "போறதுதான் போறோம், பெரிய மலையாவே பாத்துடலாமே" என்கிறவர்களின் ஆசை அது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையின் உயரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு நீங்கள் எங்கே நின்றுகொண்டிருப்பீர்கள் என்று பார்த்து முடிவெடுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

விடியல். மலைப் பறவைகளின் நாள் சின்னது. வெளிச்சம் வந்ததிலிருந்து பத்து மணிவரை ஓர் ஆட்டம்; அப்புறம் பனிமூட்டம் ஏறும், காடு அடங்கிவிடும்; சாயங்காலம் மழை விட்டால் இன்னொரு சின்ன ஆட்டம். பசியாறிவிட்டுச் சாவகாசமாகக் கிளம்பிப் பதினொரு மணிக்கு மேலே போய்ச் சேர்கிறவர் பார்ப்பது பூந்தொட்டியும் புகைமூட்டமும்தான். அதனால் "எவ்வளவு தூரம்" என்ற கேள்வியைவிட "இரவு எங்கே தங்குவது" என்ற கேள்வி பெரியது.

உயரம் தருவது என்ன. தீபகற்பத்தில் கிட்டத்தட்ட 900 மீட்டருக்கு மேல் போனால் சமவெளிப் பறவைகள் விலகி, மலையினங்கள் தலைகாட்டத் தொடங்கும். 1,500 மீட்டரைத் தாண்டினால் மரங்கள் குட்டையாகி, பாசி படர்ந்து, காடே வேறாகிவிடும். மேலே போகப் போக இனங்களின் எண்ணிக்கை குறையும். ஆனால் அங்கே மட்டும் இருப்பவை தென்படும். நிறைய வேண்டுமா, அரியது வேண்டுமா? இதற்கு உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொண்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

கண்ணுக்கு எட்டுமா. பறவை இருப்பது வேறு, தெரிவது வேறு. நாற்பது மீட்டர் மரத்தின் உச்சியில் இருக்கும் சிட்டை அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வயிறு மட்டும் தெரியும், கழுத்து வலி மிச்சம். சாலை மலைமுகட்டில் ஓடுகிறதா, மரங்கள் குட்டையா என்பதெல்லாம் இங்கே கணக்கில் வரும்.

பணமும் நாளும். பெட்ரோல், அறை வாடகையோடு முடிவதில்லை. தினக்கூலிக்காரருக்கு ஒரு சனிக்கிழமை விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதையும் செலவில் எழுதுங்கள்.

கூட வருகிறவர்கள். குடும்பத்தோடு போகிறவருக்கும் தனியாகப் போகிறவருக்கும் ஒரே மலை பொருந்தாது.

## பிரேசர் மலை

பகாங் மாநிலத்தில், சிலாங்கூர் எல்லையை ஒட்டி, 1,200 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சின்னச் சின்னக் குன்றுகள், ஒரு மணிக்கூண்டு, பழைய கல் பங்களாக்கள், ஒரு குட்டிக் கோல்ஃப் திடல். ஆனால் இந்நாட்டில் பறவை பார்க்கிறவர்களின் தாய்வீடு இதுதான். 1988-இல் தொடங்கிய பன்னாட்டுப் பறவை காணும் போட்டி இங்கேதான் நடந்து வந்திருக்கிறது.

காரணம் சாலைகள். வெள்ளைக்காரன் காலத்துத் தார்ச்சாலைகள் குன்றுகளைச் சுற்றிச் சரிவோரமாக ஓடுகின்றன. சாலையில் நின்றால் கீழ்ச்சரிவு மரங்களின் உச்சி நம் கண்மட்டத்தில் இருக்கும். அண்ணாந்து பார்க்கும் வேலை பாதியாகக் குறையும். தெலெகோம் கோபுரத்தைச் சுற்றி வரும் சாலையில் காலை நடை போனால் நான் சொல்வது புரியும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது விளக்கு வேட்டை. இரவெல்லாம் எரிந்த விளக்குகளைத் தேடி வந்த அந்துப்பூச்சிகள் விடிந்த பிறகும் தங்குமிடச் சுவர்களில் ஒட்டிக் கிடக்கும். இருட்டு கலைந்ததும் பறவைகள் பந்திக்கு வந்துவிடும். நீள்வால் சிபியா ஒன்று சுவரில் தொற்றி, உள்ளங்கை அகலப் பூச்சியைக் கவ்வி எடுத்து, மாடிக் கைப்பிடிக் கம்பியில் இரண்டு அடி அடித்து, இறக்கைகளை உதிர்த்துவிட்டு உடலை மட்டும் விழுங்கும். பக்கத்திலேயே சில்வர்-இயர்டு மெசியா: கறுப்புத் தலை, வெள்ளிக் கன்னம், ஆரஞ்சுத் தொண்டை, இறக்கையில் ஒரு சிவப்புத் திட்டு. பைனாகுலரை ஃபோகஸ் செய்ய முடியாத அளவுக்குக் கிட்டத்தில் நிற்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயது அம்மாவுக்கும் பறவை பார்ப்பது என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அப்புறம் கலப்புக் கூட்டம். காடு அரை மணி நேரம் செத்தது போலக் கிடக்கும். திடீரென்று ஒரு சிறு துடுப்புவால் கரிச்சான் குரல் கொடுக்கும். அடுத்த நிமிடம் மலை ஃபுல்வெட்டா, நீலச்சிறகு மின்லா, பொன் சிலம்பன், நீலப் பசையெடுப்பான் எல்லாம் ஒரே மரத்தில் இருக்கும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் போய்விடும். யாரையும் கூப்பிட்டுக் காட்ட நேரமிருக்காது. நீங்கள் பாருங்கள், மற்றவர்கள் அவர்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

குக்குறுவான்கள், கறும்பட்டைத் தேன்சிலந்திபிடிப்பான், சிரிப்பான்கள் எல்லாம் கொஞ்சம் பொறுமை இருந்தால் கிடைக்கும். மலேசியத் தீபகற்பத்து மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மலை மயில்கோழியும் இந்தக் காடுகளில் உண்டு. ஆனால் அதை நம்பிப் பயணம் போடாதீர்கள். போகிற வழியில் "கேப்" என்ற கணவாயில் ஓர் அரை மணி நேரம் கட்டாயம் நிறுத்துங்கள். மேலேயுள்ள ஊரைவிட அது தாழ்வு. அடிவாரப் பறவைகளும் மலைப் பறவைகளும் சந்திக்கிற இடம். இருவாச்சிகள் பள்ளத்தாக்கைக் கடந்து பறப்பதை இங்கே பார்க்க வாய்ப்பு அதிகம். சிறகடிப்பின் சத்தம் முதலில் வரும், பறவை பிறகு வரும்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். மேலே பெட்ரோல் நிலையம் கிடையாது. கோலா குபு பாருவில் நிரப்பிக்கொள்ளாமல் ஏறக்கூடாது. கேப்பிலிருந்து மேலே போகும் பாதையில் மண்சரிவு, பராமரிப்பு என்று ஒருவழி ஏற்பாடுகள் வருவதுண்டு. ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்று நுழைவாயிலில் பிரித்துவிட்டால் உங்கள் விடியல் கணக்கு தவறிவிடும். கிளம்பும் முன் விசாரியுங்கள். சாப்பாட்டுக் கடைகள் சொற்பம். சைவம் என்றால் இன்னும் சொற்பம். புரட்டாசியில் போகிறவர்கள் புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். கையில் ரொக்கம் இருக்கட்டும். காட்டுப் பாதைகளில் மழைக்குப் பிறகு அட்டை உண்டு. தார்ச்சாலையை விட்டு இறங்காவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

முதல் மலைப் பயணமா, முட்டிவலிக்காரர் கூட வருகிறாரா, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்களா: இங்கேயே போங்கள், யோசிக்க வேண்டாம். ஏற்கெனவே பலமுறை போய்வந்து, பட்டியலில் புதிதாகச் சேர ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்தவர்களுக்குத்தான் இது அலுக்கும்.

## பிரிஞ்சாங் உச்சி

நம் பையன் ஒருவன் சொன்னான்: "அண்ணே, கேமரன் போனா பறவை வராட்டியும் டீயாவது குடிக்கலாம்." நியாயமான வாதம்தான். கேமரன் மலையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன.

பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டருக்குச் சற்று மேல். தீபகற்பத்தில் வண்டிச்சாலை போகிற மிக உயரமான இடம் இது. தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி ஏறும் குறுகிய சாலையின் முடிவில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள், சுற்றிலும் பாசிக்காடு. மரங்கள் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, முறுக்கிக்கொண்டு, தண்டு முழுக்க ஈரப் பாசியோடு நிற்கும். குடுவைச் செடிகள் கிளைகளில் தொங்கும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. சிலிம் ரிவரில் வேர்த்து வழிந்த அதே நாளில் இங்கே விடியலில் விரல் விறைக்கும்.

பறவைக்காரருக்கு இதனால் என்ன லாபம்? மரம் குட்டை என்பதால் பறவை முகத்துக்கு நேரே வரும். பிரேசர் மலையில் எளிதில் பார்க்க முடியாத சில உயர்மலை இனங்கள் இங்கே கிடைக்கும்: கழுத்தில் கறுப்பு வெள்ளை வரி போட்ட மின்லா, பொன்தொண்டைக் குக்குறுவான், மலைக் கதிர்க்குருவி. ஒரு காலையில் பார்க்கும் இனங்களின் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மின்லாவுக்காகவே இங்கே வருகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் சேர்த்தி.

பனிமூட்டம் இறங்கினால் கதை முடிந்தது. பத்தடியில் இருக்கும் கிளை தெரியாது, குரல் மட்டும் கேட்கும். காத்திருந்தால் விலகலாம், விலகாமலும் போகலாம். இந்தச் சூதாட்டம் பிடிக்காதவர்களுக்கு இந்த உச்சி சரிப்படாது.

செலவு இங்கே வேறு வடிவில் வருகிறது. வார இறுதியில் கேமரன் மலை ஊர்களான தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவே நிற்கும் வாகன வரிசையை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உச்சிச் சாலை செங்குத்து, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை; சின்னக் கார் திணறும். நான்கு சக்கர இழுவை வண்டிகளில் சுற்றுலாக் குழுக்கள் வரத் தொடங்கிவிட்டால் அமைதி போய்விடும். பாசிக்காட்டுப் பலகை நடைபாதைக்கு நுழைவு நேரமும் விதிகளும் உண்டு, அவை மாறவும் செய்கின்றன. விடியலில் உள்ளே விடுவார்களா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். விடாவிட்டாலும் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே சாலையோரமாகவே காலையைக் கழிக்கலாம், பெரிய நஷ்டமில்லை.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதுவே வசதி. தானா ராத்தாவில் நம்மவர் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. தோசைக்கும் சைவச் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். பிரிஞ்சாங்கில் முருகன் கோயிலும் உண்டு. நீங்கள் மட்டும் ஐந்தரைக்கு எழுந்து உச்சிக்குப் போய், பத்து மணிக்குத் திரும்பி வந்தால் வீட்டார் அப்போதுதான் பசியாறிக்கொண்டிருப்பார்கள். பிறகு ஸ்ட்ராபெரியும் தேயிலையும் அவர்கள் கணக்கு. எல்லோரையும் விடியற்காலையில் உச்சிக்கு இழுத்துப் போய், பைனாகுலரை ஆளுக்கு ஒரு நிமிடம் மாற்றிக்கொண்டு நிற்கிற திட்டம் மட்டும் வேண்டாம். குளிரில் பிள்ளைகள் அழும், பறவை பறக்கும், வீட்டுக்காரி அப்புறம் ஒரு வருடம் பேசுவார்.

## கினபாலு

4,095 மீட்டர். 2000-இல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பூங்கா. போர்னியோவைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவைகள் பலவற்றின் வீடு. 1888-இல் இதன் உச்சியை எட்டிய ஜான் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேயப் பறவை சேகரிப்பாளரின் பெயரைச் சுமக்கும் மூன்று பறவைகளை இங்கே வருகிற எல்லோரும் தேடுவார்கள்: ஒரு சிவந்த தீக்காக்கை, ஒரு பச்சை அகல அலகன், ஒரு சிலந்திபிடிப்பான். மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட்டால் மற்ற பறவைக்காரர்கள் உங்களைக் கொஞ்சம் வெறுப்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த மூன்றையும் பார்க்க உச்சிக்கு ஏறவே வேண்டாம். பூங்கா தலைமையகம் சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாயில்வரை தார்ச்சாலை. அந்தச் சாலையும், அதிலிருந்து பிரியும் காட்டுப் பாதைகளும்தான் பறவைக்காரரின் களம். மலையேற்ற அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமலேயே, நுழைவுச் சீட்டோடு நாள் முழுக்க அங்கே நடக்கலாம்.

உச்சிக்கு ஏறுவது தனிக் கணக்கு. அனுமதி, கட்டாய வழிகாட்டி, 3,272 மீட்டரில் உள்ள பனாலாபானில் இரவுத் தங்கல், நடுநிசி தாண்டி எழுந்து இருட்டில் ஏற்றம். குழு ஒரு வேகத்தில் போகும். புதருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால் வழிகாட்டி கடிகாரத்தைக் காட்டுவார். உயரத்தில் தலைவலி, குமட்டல் வரலாம். இத்தனைக்கும் மேலே கிடைக்கும் இனங்கள் கொஞ்சம்தான்: மலைக் கருங்கண்ணி, ஃபிரண்ட்லி வார்ப்ளர், தீவுப் பூங்குருவியின் கினபாலு வகை. மூன்றும் அழகு. ஃபிரண்ட்லி வார்ப்ளர் பெயருக்கேற்பக் காலடியில் வந்து நிற்கும். ஆனால் இவற்றுக்காகவே ஏறுவதென்றால், மலையேற்றத்தையும் நேசிக்கிறவராக இருக்க வேண்டும்.

விமானம், வாடகைக் கார், கோத்தா கினபாலுவிலிருந்து இரண்டு மணி நேரச் சாலை, பூங்காவுக்குள் தங்கினால் கூடுதல் வாடகை, வெளியே தங்கினால் விடியலில் வாயில்வரை ஓட்டம். குறைந்தது நான்கு நாட்களாவது ஒதுக்காவிட்டால் பயணத்திலேயே பாதி கரையும். தீபகற்பத்திலிருந்து போகிறவர்கள் சபா குடிநுழைவைக் கடக்க அடையாள அட்டையை மறக்கக்கூடாது.

பிரேசர் மலையில் குரல்களைப் பழகி, கலப்புக் கூட்டத்தில் பதறாமல் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு போங்கள். முதல் பயணமாகவே கினபாலு போகிறவர் அத்தனை பணம் கொட்டியும் "பச்சையா ஒண்ணு பறந்துச்சு" என்று திரும்புவார்.

## பட்டியலிட்டுப் பார்த்தால்

| | பிரேசர் மலை | பிரிஞ்சாங் உச்சி | கினபாலு |
|---|---|---|---|
| உயரம் | 1,200–1,300 மீட்டர் | 2,000 மீட்டருக்குச் சற்று மேல் | சாலையில் 1,866 மீட்டர்வரை; உச்சி 4,095 |
| தேவைப்படும் நாள் | ஓர் இரவு | ஓர் இரவு | குறைந்தது நான்கு நாள் |
| பறவை வகை | நிறைய, கண்மட்டத்தில் | கொஞ்சம், உயர்மலை இனங்கள் | போர்னியோவுக்கே உரியவை |
| தொல்லை | பெட்ரோல், சாப்பாடு, வாயில் நேரம் | வாகன நெரிசல், பனிமூட்டம் | விமானச் செலவு, முன்பதிவு |
| யாருக்கு | புதியவர், முதியவர், பிள்ளைகள் | குடும்பத்தோடு போகும் அனுபவசாலி | குரல் பழகியவர் |

## கேட்கப்படும் மற்ற இரண்டு

கெந்திங் மலையைப் பத்தாங்காலி, ரவாங் பக்கத்தினர் யோசிக்கலாம். அவானா சுற்றுப்புறச் சாலையோரங்களில் நல்ல மலைப் பறவைகள் உண்டு. நம் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போவதென்றால் பிரேசர் மலைக்கே போகலாம். கேளிக்கை நகரத்துக்குப் போகிற வண்டிகளின் இரைச்சலில் குரல் கேட்டுப் பறவை தேடுவது கொடுமை.

பக்கத்திலேயே இருக்கிறதே என்று லியாங் மலை மாதிரி ஏற்றங்களைச் சிலர் சொல்கிறார்கள். வனத்துறை அனுமதி, கனத்த பை, செங்குத்து ஏற்றம். மூச்சிரைக்கிறவர் காதில் பறவைக் குரல் விழாது. மலையேற்றத்துக்காகப் போங்கள், வழியில் கிடைத்தது லாபம்.

## எந்த மாதம், என்ன கருவி

பிப்ரவரி முதல் மே வரை மலைப் பறவைகள் கூடு கட்டும் காலம். குரல் அதிகம், அதனால் கண்டுபிடிப்பதும் சுலபம். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுகிற வேலையை அந்த மாதங்களில் அறவே விட்டுவிடுங்கள். கூட்டை விட்டுச் சண்டைக்கு வருகிற பறவைக்கு அது வீண் அலைச்சல். புரட்டாசி வாக்கில் வடக்கிலிருந்து வலசை ஈப்பிடிப்பான்களும் கதிர்க்குருவிகளும் வரத் தொடங்கும், பங்குனிவரை இருக்கும். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் மேற்குக்கரையில் மழை கொட்டும். பள்ளி விடுமுறையில் எந்த மலையிலும் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும்.

மழை என்றால் படம் மங்கும் என்பது மட்டும் கவலை இல்லை. 2022 டிசம்பர் 16-ஆம் தேதி பத்தாங்காலி–கெந்திங் சாலையோர முகாமிடத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். செலவை மிச்சப்படுத்தச் சரிவடியில் கூடாரம் போடலாம் என்கிற யோசனையை மழை மாதங்களில் யாரும் எடுக்க வேண்டாம்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். 10x வாங்கினால் பறவை பெரிதாகத் தெரியும், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். மங்கலான பாசிக்காட்டில் 8x42 வெளிச்சமும் கூடுதலாகத் தரும். பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் மலேசியாவுக்கான தொகுப்பைக் கீழேயே இறக்கிக்கொள்ளுங்கள், மேலே இணைப்பு வந்து வந்து போகும். பிரேசர் மலையில் அறை பதிவு செய்யும்போது முகப்பு விளக்கு விடியும்வரை எரியுமா என்றும் கேட்டுவிடுங்கள். இதையெல்லாம் கேட்கிறானே என்று பார்ப்பார்கள். காவலாளிக்குக் காரணம் புரிந்துவிட்டால் அவரே ஆறே முக்காலுக்குக் கதவைத் தட்டுவார்.